குச்சியும் பொம்மையும்

தீக்குச்சியும் மரத்தைச் சீவி எடுத்ததுதான், மரப்பொம்மையும் மரத்தைச் சீவி எடுத்ததுதான். சிவகாசிக்குப் பக்கத்தில் தாயில்பட்டி வட்டாரத்தில் வளர்ந்தவர்கள் நினைவில் முதலாவது லட்சக்கணக்கில் கிடக்கும்; இரண்டாவது ஒன்றோ இரண்டோ இருந்தால் அதிகம். குச்சி லாரியில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. அது எந்த மரம், எந்தக் காட்டில் நின்றது, யார் சீவியது என்று எவரும் கேட்டதில்லை. பொம்மை அப்படி வரவில்லை, கண்ணெதிரே பிறந்தது. ஆடு மேய்க்கப் போனவர்கள் வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்துக்கொண்டு, பேனாக்கத்தியால் ஒரு கிளைத்துண்டைச் சீவிச் சீவி மாடோ கிளியோ எடுப்பார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்து, அரிவாள்மனையில் வெட்டு வாங்கி, உடைந்த பிளேடில் கீறல் வாங்கி, தாங்களும் ஒன்று செய்து பார்ப்பார்கள். அது மாடு மாதிரியும் இருக்காது, நாய் மாதிரியும் இருக்காது. இந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் இங்கே பேச்சு. அந்தக் காலம் போச்சே என்று பெருமூச்சு விடுவதற்காக இதை எழுதவில்லை. எங்கள் ஊர்க் கைகள் நாட்டிலேயே வேகமான கைகளில் சேர்த்தி. ஆனால் அந்தக் கைகள் தாமாக ஒரு முடிவெடுக்க இடம் கொடுத்த வேலை, நினைவில் தேடிப் பார்த்தால், இந்தக் காசு பெறாத பொம்மை சீவுவது ஒன்றுதான். அதை அற்பம் என்று விட்டது பிசகு என்பது என் கட்சி.

மரம் பார்ப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ஆசாரிகள் தேக்கு, வேங்கை, இலுப்பை என்று பேசுவார்கள். பொம்மை சீவுகிறவருக்குக் கிடைத்தது கண்மாய்க்கரையிலும் வேலியோரத்திலும் நின்றது மட்டும்தான். பூவரசு நல்ல மரம். இழை நெருக்கமானது, சீக்கிரம் வெடிக்காது. வேம்பு நாக்குக்குத்தான் கசப்பு, கத்திக்கு வழிவிடும். முருங்கையைச் சீவுவது சுலபம், ஆனால் காய்ந்ததும் சுருங்கி, செய்த உருவம் வேறாகிவிடும். கல்யாண முருங்கை பஞ்சுபோல் லேசான மரம். அதில் கொம்பு, காது என்று மெல்லிசாக எதையாவது எடுத்தால் நிற்காமல் உதிரும். வேலிக்கருவை பச்சையில் இணங்கும், காய்ந்துவிட்டால் கத்தி முனையை முறித்துப் போடும். இவ்வளவும் தெரிந்துகொள்ள எந்தப் புத்தகமும் இருந்ததில்லை. மரம் ஒவ்வொன்றும் தன் குணத்தைத் தானே சொல்லிவிடும், அதுவும் தப்பாகச் சீவிய கணத்திலேயே.

ஒரு மாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு சாண் நீளத்துக்குக் கிளைத்துண்டு. பட்டையை உரித்ததும் முதலில் கணு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கணுவை எதிர்த்துச் சீவினால் கத்தி துள்ளும். தெரிந்த கை அதோடு மல்லுக்கு நிற்காது, அந்த இடத்தைத் திமிலுக்கு ஒதுக்கிவிடும். அப்படி ஒதுக்கிவிட்டால் பாதி மாட்டை மரமே கொடுத்துவிட்ட மாதிரி. அடுத்தது கழுத்து: இரண்டு பக்கமிருந்தும் சாய்வாக வெட்டுக் கொடுத்து நடுவில் நிற்கும் சில்லை எடுத்துவிட வேண்டும். கத்தி பிடித்த கை அதிகம் அசையாது. மரத்தைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல்தான் கத்தியின் முதுகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். நார் ஓடும் வாக்கில் சீவினால் சீவல் சுருண்டு வரும். எதிர்வாக்கில் சீவினால் பிளந்துகொண்டு உள்ளே இறங்கும். பெரிய சிக்கல் காலில் இருக்கிறது. உடம்பு மரத்தின் நீளவாட்டில் கிடப்பதால் கால்கள் நாருக்குக் குறுக்கே வந்துவிடுகின்றன. மெல்லிசாக எடுத்தால், ஒரு தடவை தரையில் விழுந்தாலே ஒடிந்துபோகும். அதனால் மாட்டைப் படுக்க வைத்துவிடுவார்கள், அல்லது கால்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல் இரண்டிரண்டாகச் சேர்த்தே விடுவார்கள். மரப்பாச்சியின் கைகள் உடம்போடு ஒட்டிக்கொண்டிருப்பதற்கும் இது ஒரு காரணம். கலை எழுதுகிறவர்கள் இதைப் பாணி என்பார்கள். நார் சொன்னதைக் கை கேட்டுக்கொண்டது என்றுதான் நான் சொல்வேன். கடைசியில் உடைந்த கண்ணாடிச் சில்லால் வழிப்பதும், உப்புத்தாள் கிடைத்தால் தேய்ப்பதும் உண்டு. தேய்க்காமல் விட்ட மாட்டைத்தான் எனக்குப் பிடிக்கும். அதில் ஒவ்வொரு சீவலும் எங்கே தொடங்கி எங்கே நின்றது என்று தெரியும்.

இப்போது குச்சிக்கு வருவோம். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த ஆண்டு சிவகாசியில் தொழில் தொடங்கியது. மழை ஏமாற்றும் கரிசலில் அது கஞ்சி ஊற்றிய தொழில் என்பதை மறுக்க முடியாது. பெரும்பாலும் கேரளத்து மென்மரங்களிலிருந்து வந்த குச்சி. பெட்டியின் உள்ளும் புறமும்கூட ஒரு காலம்வரை காகிதம் மாதிரிச் சீவிய மரத்தகடுதான், அட்டை பின்னால் வந்தது. ஆக, இந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் சீவிய மரத்தின்மேல்தான் நூறாண்டு வாழ்ந்திருக்கின்றன. ஆனால் சீவியவை எங்கோ இருந்த எந்திரங்கள். ஊருக்கு வந்த வேலை அடுக்குவதும், முக்குவதும், ஒட்டுவதும். கட்டை அடுக்குவதைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சட்டத்தில் பள்ளம், பள்ளத்துக்கு ஒரு குச்சி, சட்டத்தின்மேல் சட்டம். பேச்சு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும், கண் வேறெங்கோ இருக்கும், விரல் மட்டும் தவறாது. ஒடிந்த குச்சியும் கோணல் குச்சியும் கழிவுக்குப் போகும். எத்தனை கட்டை என்பதுதான் கூலி. அந்த வேகம் திறமை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. வெளியூர்க்காரர் ஒருவரை உட்கார வைத்தால் நாலு சட்டத்துக்குள் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார். ஆனால் ஒரு குச்சிக்கும் அடுத்த குச்சிக்கும் நடுவே அந்தக் கை முடிவு செய்வதற்கு எதுவுமே இல்லை. முடிவு எல்லாம் முன்பே முடிந்துவிட்டது. 2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனபோது, உள்ளே இருக்கும் குச்சி 36-லிருந்து 50 ஆனது. குச்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது: எத்தனை. மாட்டைப் பற்றிக் கேட்கும் கேள்வி வேறு. திமில் ஏன் சாய்ந்திருக்கிறது, யார் செய்தது, எந்த மரம்?

பட்டாசும் இதே கதைதான், கொஞ்சம் மாறி. குழாய் உருட்டுவது, திரி செருகுவது, சரம் பின்னுவது எல்லாமே எண்ணிக்கைக் கூலி வேலை. மருந்துக் கலவை மட்டும் வேறு ரகம். அங்கே கை தானாக ஒன்றைச் செய்துவிட்டால் கட்டடமே போய்விடும். சொன்ன அளவுக்கு மேல் ஒரு கிராம் கூடாது, வைத்த இடத்தைவிட்டு ஒரு அடி நகரக்கூடாது. அது நியாயமான கண்டிப்பு, உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் ஒரு ஊரின் எல்லாக் கைகளும் தலைமுறை தலைமுறையாகச் சொன்னதை மட்டும் செய்தே பழகினால், அந்த ஊரில் கைவேலை என்ற சொல்லுக்கே பொருள் சுருங்கிவிடும். எங்கள் பக்கத்தில் சுருங்கித்தான் போயிற்று. கைவேலை என்றால் எத்தனை கட்டை, எத்தனை குரோஸ் என்று கணக்குக் கேட்கத் தோன்றுமே ஒழிய, என்ன செய்தாய் காட்டு என்று கேட்கத் தோன்றாது.

ஆகவே பொம்மை சீவுவதைப் பள்ளிக்குள் கொண்டுவர வேண்டும் என்கிறேன். இந்த இடத்தில் ஒருவர் குறுக்கிட வேண்டும். குறுக்கிடாவிட்டால் அவருக்கு எங்கள் வட்டாரத்தைத் தெரியாது என்று அர்த்தம். "விடிவதற்கு முன்னால் ஊர் ஊராகப் பஸ் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன பகுதி இது. அந்தப் பிஞ்சு விரல்களைக் கட்டையிலிருந்து பிடுங்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர எத்தனை வருஷம் ஆனது? மறுபடியும் அவர்கள் கையில் கருவியைக் கொடுக்கச் சொல்கிறீரா?" இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகளின் நிலையைப் பற்றி 1976-இல் ஹர்பன்ஸ் சிங் குழு விசாரித்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அப்புறமும் பத்தாண்டு கழிந்து 1996 டிசம்பர் 10-ஆம் தேதி, எம்.சி. மேத்தா வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இந்த வரலாறு உள்ள ஊரில் பிள்ளையின் கையைப் பற்றி யார் எதைப் பேசினாலும் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். நான் சொல்வதையும் அப்படியே கேளுங்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமை கையால் வேலை செய்ததா, அல்லது அந்தக் கை வேறொருவர் கணக்குக்குள் போனதா? கட்டையும் பொம்மையும் ஒன்றுக்கொன்று எதிரிகள் என்றே எனக்குப் படுகிறது. கட்டையில் ஒரு குச்சி குறைந்தாலும் கூலி குறையும். பொம்மையில் ஒரு காது உடைந்தால், சரி, இது காதறுந்த மாடு என்று பெயர் வைத்து விளையாடப் போய்விடலாம். பள்ளிக்கூடம் கையைக் கட்டையிலிருந்து விடுவித்தது, அதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். விடுவித்த கைக்குப் பேனாவைத் தவிர வேறு ஒன்றும் கொடுக்கவில்லை என்பதுதான் என் குறை.

இரண்டாவது ஆட்சேபம் முதலாவதைவிடக் கூர்மையானது. கையைப் பள்ளிக்குள் கொண்டுவருவது என்றாலே தமிழ்நாட்டில் ஒரு பெயர் ஞாபகம் வரும்: குலக்கல்வி. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டப்படி தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நாள் பள்ளி. மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழில். அப்பன் தொழில் என்றால் அப்பன் சாதிதானே என்று நாடே கொதித்தது, பெரியார் தெருவுக்கு வந்தார், அடுத்த ஆண்டு முதலமைச்சரான காமராஜர் முதல் காரியமாக அதைக் கைவிடச் செய்தார். அந்தக் காமராஜர் விருதுநகர்க்காரர். 1957-லும் 1962-லும் எங்கள் சாத்தூர்த் தொகுதியில் நின்று ஜெயித்தவர். அவர் மூடிய கதவை அவர் தொகுதியிலேயே திறக்கப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்தான். அவர் செய்தது முழுக்கச் சரி. அந்தத் திட்டத்தின் விஷம் தச்சு வேலையிலோ மண்வேலையிலோ இல்லை, யார் பிள்ளைக்கு எந்த வேலை என்று பிறப்பே தீர்மானித்துவிட்டதில் இருந்தது. கத்தியால் பொம்மை சீவுவதற்குக் குலம் கிடையாது. ஆசாரியின் உளியும் கொட்டாப்புளியும் இழைப்புளியும் பட்டறைச் சொத்து, அவற்றுக்குப் பரம்பரை உண்டு. பேனாக்கத்தி எந்தப் பட்டறைக்கும் சொந்தமில்லை. ஆடு மேய்த்தவர் சீவினார், பாளை சீவப் பனையேறியவர் இறங்கி வந்து சீவினார், வேலை கிடைக்காமல் மடத்தில் உட்கார்ந்திருந்தவரும் சீவினார். சாதிக்கொரு தொழில் என்ற ஏற்பாட்டுக்கு வெளியே, யாருடையதும் இல்லாமல் கிடந்த வேலை அது. பெண்பிள்ளைகள் கைக்கு மட்டும் அந்தக் கத்தி அதிகம் வந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வகுப்பில் வைத்தால் அதுவும் சரியாகும்.

கல்வியில் கைக்கு இடம் கேட்டவர்கள் உலகத்தில் பலர். 1866-இல் பின்லாந்து தன் கிராமப் பள்ளிகளில் கைவேலையைக் கட்டாயமாக்கியது. உனோ சிக்னேயஸ் என்ற கல்வியாளர் அதற்குக் காரணம். பக்கத்து சுவீடனில் நேஸ் என்ற ஊரில் ஓட்டோ சாலமன் ஆசிரியர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவே ஒரு பயிற்சிக்கூடம் நடத்தினார். தச்சர்களை உண்டாக்குவது தன் நோக்கமில்லை, ஆளை உருவாக்குவதுதான் நோக்கம் என்பது அவர் கொள்கை. தொடக்கப் பாடங்களுக்குக் கத்திதான் கருவி. நம் நாட்டில் 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய மாநாட்டிலிருந்து ஆதாரக் கல்வி பிறந்தது. எங்களுக்குப் பக்கத்திலேயே தே. கல்லுப்பட்டியில் 1940-இல் தொடங்கிய காந்தி நிகேதன் அந்த வழியில் நடந்தது, காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த இடம் அது. இவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் ஒரு விஷயத்தில் சாலமன், காந்தி இரண்டு பேரிடமும் எனக்கு உடன்பாடு இல்லை. சாலமன் செய்கிற பொருள் வீட்டுக்கு உதவ வேண்டும் என்றார். காந்தி அந்தப் பொருள் விற்று ஆசிரியர் சம்பளமே வரவேண்டும் என்று நினைத்தார். கரிசல்காட்டில் பிறந்த யாருக்கும் இந்த இரண்டாவது யோசனையைக் கேட்டதும் அடிவயிறு கலங்கும். பிள்ளை செய்வது விலைபோகும் என்று தெரிந்த நாளிலேயே ஒரு தரகர் வாசலில் வந்து நிற்பார், அடுத்த மாதம் எத்தனை என்ற கேள்வி வந்துவிடும். கோணல் திமில் மாட்டை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். பிள்ளைக்கு அதைவிடப் பெரிய காவல் கிடையாது. உதவாத பொருள் என்று பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்களே, அந்த உதவாத்தனத்தை நான் வேண்டுமென்றே கேட்கிறேன்.

விலைபோகும் மரவேலை தமிழ்நாட்டில் வேறு இருக்கிறது, அது நன்றாக இருக்கட்டும். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்கள் கடைசலில் உருண்டு, அரக்குச் சாயம் ஏறிப் பளபளக்கும். நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய தேரைச் சுற்றி வந்தால் மரத்தில் எத்தனை உருவம் நிற்கிறது என்று கழுத்து வலிக்கப் பார்க்கலாம். கொலுவில் வைக்கும் செம்மர மரப்பாச்சியின் கதி வேறு. செம்மரம் 1995-இலிருந்து பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறிவிட்டது, இன்று கடையில் கிடைப்பதில் பல சாயம் பூசிய வேறு மரம். இவை எல்லாம் தொழில், இவற்றுக்கு உளியும் பட்டறையும் வருஷக்கணக்கான பழக்கமும் வேண்டும். நான் பேசுவது இவற்றின் ஏழைத் தம்பியைப் பற்றிக்கூட இல்லை, பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி. எந்திரம் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் மாடு செதுக்கும், பிளாஸ்டிக் மாடு பத்து ரூபாய்க்குக் கிடைக்கும், அப்புறம் எதற்கு இது என்று கேட்பவர்களுக்கும் பதில் இதில் அடங்கிவிடுகிறது. மாடு வேண்டும் என்பவர்கள் கடையில் வாங்கிக்கொள்ளட்டும். இங்கே தேவைப்படுவது அதைச் செய்யும்போது கைக்கு நடக்கும் காரியம்.

அந்தக் காரியம் பொம்மையில் தெரியுமா என்றால், தெரியும். சுவீடனில் ஆக்செல் பீட்டர்சன் என்று ஒருவர் இருந்தார். 1868-இல் பிறந்து 1925-இல் இறந்தவர். தன் கிராமத்து ஆட்களையே சின்னச் சின்ன மரப்பொம்மைகளாகக் கத்தியால் சீவினார். சவ ஊர்வலத்தில் நடப்பவர்கள், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில் நிற்பவர்கள். எதையும் தேய்த்து வழவழப்பாக்கவில்லை. தட்டையான சீவல் தளங்கள் அப்படியே நிற்கின்றன. ஒரு கிழவனின் கோட்டு முழுக்க நாலைந்து வெட்டில் முடிந்துவிடும். ஒஸ்கர்ஷாம்ன் என்ற ஊரில் அவருக்கென்று அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் பொம்மைகளின் படங்களைப் பார்க்கும்போது அழகைவிட இன்னொன்று கண்ணில் படுகிறது: ஒவ்வொரு தளமும் இங்கே நிறுத்து என்று ஒரு கை எடுத்த முடிவு. நம் ஊரில் வழிக்காமல் விட்ட மாட்டிலும் அது இருந்தது. தரத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், ஒத்துக்கொள்கிறேன்.

கடைசியாக, கத்தி. இதை ஒதுக்கிவிட்டுப் பேசுகிறவர் தென்மாவட்டத்தில் இருந்துகொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே உடன் படித்த தலித் மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதையடுத்து ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்து 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. இந்தச் சூழ்நிலையில் வகுப்பறைக்குள் கத்தியா என்று ஒரு தலைமையாசிரியர் பதறினால் அவரைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அரிவாள் எந்தக் கைத்தொழில் வகுப்பிலிருந்தும் வரவில்லை. கத்தியைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தே வளர்த்தோம், அதனால் அரிவாள் குறைந்ததாகத் தெரியவில்லை. இரண்டங்குல அலகு உள்ள கத்தி, எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் பெட்டி, பத்துப் பிள்ளைக்கு மேல் இல்லாத குழு, உயர்நிலை வகுப்பில் இல்லாமல் அதற்குக் கீழே தொடக்கம்: இவ்வளவு கட்டுப்பாடும் வைத்துக்கொள்ளலாம், வைக்கத்தான் வேண்டும். ஒன்று மட்டும் கவனியுங்கள். தாயில்பட்டியின் பெயர் செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் வெடிவிபத்தோடுதான். அந்த ஆபத்தில், யார் செய்த தவறு என்று தெரிவதற்குள் தவறு செய்யாதவர்களும் போய்விடுகிறார்கள். உராய்ந்த கை ஒன்று, கருகிய உடல்கள் பல. பேனாக்கத்தியின் ஆபத்து வேறு மாதிரி. தவறிய விரலில்தான் ரத்தம் வரும், தவறிய அளவுக்குத்தான் வரும், ஏன் வந்தது என்று அந்த விரலுக்கே தெரியும். செய்கைக்கும் விளைவுக்கும் நடுவே இத்தனை நியாயமான கணக்கு உள்ள ஆபத்தை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேறெங்கும் சந்திப்பதில்லை.

நடக்கிற காரியமா என்று கேட்டால், வழி இல்லாமல் இல்லை. 2012-இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்குமாக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகளாகப் போராடுவதும், பலர் விட்டுப் போனதும் தனிக்கதை. இருக்கிறவர்களிடமிருந்து வாரத்தில் ஒரு பாடவேளையைக் கடன் கேட்டுக் கணக்கு வாத்தியார் பிடுங்காமல் இருந்தாலே போதும். மரத்துக்கோ பஞ்சமே இல்லை. வேலிக்கருவையை ஒழிக்க வேண்டும் என்று நீதிமன்றம் வரை போய்விட்டது. எங்கள் பக்கம் அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். மூட்டத்துக்குப் போகும் பச்சைக் கிளையில் ஒரு கட்டு பள்ளிக்கு வந்தால் ஒரு வருஷத்துக்கு ஆகும்.

இன்னும் ஒன்று, இதைத் தொட்டும் தொடாமலும். தாயில்பட்டிக்குப் பக்கத்தில் வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டை விஜயகரிசல்குளத்தில், 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. சுடுமண் உருவங்கள், ஆட்டக்காய்கள், சங்கு வளையல்கள், தந்தத்தில் செய்த பகடை என்று ஆயிரக்கணக்கில் கிடைத்தன. விளையாடத் தெரிந்த மனிதர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். அவர்கள் மரத்திலும் பொம்மை செய்திருப்பார்களா? செய்திருந்தாலும் கிடைக்காது. சுட்ட மண் நிற்கும், சங்கு நிற்கும், தந்தம்கூட நிற்கும். மரத்தை நம் மண்ணில் கறையான் விடாது. ரஷ்யாவின் யூரல் மலைப்பக்கம் ஷிகிர் என்ற இடத்தில் 1890-இல் எடுத்த மரச்சிலைக்கு வயது பதினோராயிரம் ஆண்டுக்கு மேல் என்கிறார்கள் என்றால், அது சதுப்புச் சேற்றுக்குள் காற்றுப்படாமல் கிடந்ததால்தான். கரிசலில் அந்த வாய்ப்பு இல்லை. மரப்பொம்மை இங்கே இருந்ததற்குச் சாட்சி என்று ஒன்று இருக்குமானால், அது இன்று வீடுகளில் கிடப்பது மட்டும்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கம் உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ கத்தியால் சீவிய ஒரு மாடு, கிளி, கால் ஒடிந்த குதிரை ஏதாவது கிடந்தால் அடுப்புக்குப் போட்டுவிடாதீர்கள். வேப்பெண்ணெய் தொட்டுத் துடையுங்கள். என்ன மரம், யார் செய்தது, எந்த வருஷம் என்று தெரிந்தவரை ஒரு துண்டுத் தாளில் எழுதி, அதன் வயிற்றில் ஒட்டி வையுங்கள்.